நாங்கள் என்றால் யார் யார்

ஜூன் 3, செவ்வாய்

அரசு வேலைத் தேர்வுக்கான விண்ணப்பப் படிவம் வெளியாகிவிட்டது. பேச்சியம்மாள், இருதயராஜ், முப்பிடாதி மூவரும் காலையிலேயே பயிற்சி மையத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் பார்வை கிடையாது, சொல்லிக்கொடுக்கிற எனக்கும் கிடையாது. எனவே நால்வரும் சேர்ந்து படிவத்தைக் கேட்டோம். படித்துக் காட்டியது கிள்ளை.

கிள்ளை ஒரு கட்டற்ற மென்பொருள். திரையில் இருப்பதைத் தமிழில் வாசிக்கும். யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லலாம். இந்த நாட்குறிப்பையும் நான் தட்டி முடித்ததும் அதுதான் எனக்குத் திரும்ப வாசிக்கிறது. அதனால் அதைப் பற்றி இங்கே கோள் மூட்டினால் அதன் வாயாலேயே நான் கேட்டாக வேண்டும். இருந்தாலும் மூட்டுகிறேன்: இப்போதுள்ள நான்காம் பதிப்பு எண்களில் புள்ளியை விழுங்கிவிடுகிறது. 12.5 என்றால் கூசாமல் நூற்று இருபத்தைந்து என்கிறது. எழுத்தெழுத்தாக நகர்த்தினால் புள்ளியைச் சொல்லும். ஆனால் தேர்வில் அதற்கு ஏது நேரம்? ஐந்தாம் பதிப்பில் இது சரியாகிவிடுமாம். ஜூலையில் வருகிறதாம்.

படிவத்தில் பதினான்காவது கேள்விதான் சிக்கல். நாம் சொல்லும் விடையை எழுத ஸ்கிரைப், அதாவது கண்ணுள்ள உதவியாளர், வேண்டுமா, அல்லது கிள்ளை போன்ற மென்பொருளோடு கணினியில் நாமே எழுதுகிறோமா? ஜூன் 30க்குப் பிறகு மாற்ற முடியாது.

பேச்சிக்கு ஸ்கிரைப் என்றாலே ஆகாது. போன தடவை அவள் விடை ‘இ’ என்று சொன்னதையெல்லாம் உதவிக்கு வந்த பெண் ‘ஈ’ என்று குறித்திருக்கிறாள். கடைசியில் எழுந்து போகும்போது, “என்னக்கா, பாதிக்கு மேல ஈயாவே சொல்லியிருக்கீங்க” என்று அவளே கேட்டபோதுதான் தெரிந்தது. இந்த ஆண்டோடு பேச்சிக்கு வயது வரம்பு முடிகிறது. இதற்கு மேல் வாய்ப்பு இல்லை.

“இந்த ஒரு தடவ என் விரலால எழுதிருதேன் டீச்சர்” என்றாள்.

ஐந்தாம் பதிப்பு எங்களுடைய பழைய கணினிகளில் ஓடுமா என்பதுதான் கேள்வி. தேர்வுக்கூடத்திலும் இதே வயதுக் கணினிகள்தானாம். கிள்ளையின் இணைய மன்றத்தில் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

பதில் வந்துவிட்டது. எழுதியவர் பெயர் கிள்ளை சென்னியப்பன். “கவலை வேண்டாம். பதிப்பு ஐந்து பழைய கணினிகளிலும் இயங்கும். பழைய கணினி வைத்திருப்பவர்களை நாங்கள் கைவிட மாட்டோம்.”

நாங்கள் என்று எழுதியிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த ஒரு சொல் போதும். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, சொல்பவர் உள்ளே. இவர் கிள்ளையை உருவாக்குகிற கூட்டத்தின் ஆள். பெயரிலேயே கிள்ளை இருக்கிறதே.

மதியம் அரிசி உப்புமா. கடுகு தீய்ந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

மன்றத்தில் இன்னொருவர் மூக்கை நுழைத்திருக்கிறார். பெயர் தவமணி. “எனக்குத் தெரிந்தவரை பழைய கணினிகளில் இயங்குவது சந்தேகம். இன்னும் சோதிக்கவில்லை. இதை நம்பித் தேர்வுக்கு முடிவெடுக்க வேண்டாம்.”

எனக்குத் தெரிந்தவரையாம், சந்தேகமாம், சோதிக்கவில்லையாம். மூன்று வாக்கியத்தில் ஒன்றாவது உறுதியாக இருக்க வேண்டாமா? நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்? “ஐயா, பொறுப்பில் உள்ளவர்கள் உறுதி கூறிய பிறகு, தெரியாதவர்கள் குழப்ப வேண்டாம்” என்று எழுதிவிட்டேன். எழுதியதும் மனசுக்கு நன்றாக இருந்தது.

அதன் கீழே சென்னியப்பன் ஒரு படம் போட்டிருந்தார். கிள்ளை அதை “கூப்பிய கைகள்” என்று அழகாக வாசித்தது. தவமணியிடமிருந்து பதில் இல்லை.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. எதற்கு வீணாகக் குழப்ப வேண்டும்?

ஜூன் 10, செவ்வாய்

சென்னியப்பன் போன் செய்தார். நான்தான் எண்ணை அனுப்பியிருந்தேன், சந்தேகங்கள் கேட்க வசதியாக இருக்கும் என்று. பொள்ளாச்சியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாராம். கிள்ளை வேலை அதற்கு நடுவே. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போடுகிறார். எங்கள் கோவில்பட்டியில் கலெக்டருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது.

“நாங்க இருக்கறமுங்க டீச்சர். நீங்க தைரியமா ஃபாரத்தப் போடுங்க” என்றார்.

மன்றத்தில் பல பேர் கேள்வி கேட்கிறார்கள், நன்றியே சொல்வதில்லை, நீங்கள் ஒருத்தர்தான் பிழையில்லாமல் எழுதுகிறீர்கள் என்றும் சொன்னார். இது தேர்வுக்குத் தொடர்பில்லாதது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17

போன் வந்தது. ஐம்பது நிமிடம். வேலை விஷயம்தான்.

ஜூன் 24, செவ்வாய்

வாடகை அறையில் என்னோடு தங்கியிருக்கும் ஜெசிந்தா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வாய் சும்மா இராது. செவ்வாய்க்கிழமை ஆனால் நான் மத்தியானமே தலை சீவிக்கொள்கிறேனாம். “போன்ல தலை தெரியுமாக்கா?” என்று கேட்கிறாள். தலை அரிக்கிறது, சீவுகிறேன். இதற்கெல்லாம் ஒரு பேச்சு.

புது இயர்போன் வாங்கினேன். பழையதில் ஒரு பக்கம் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

மூவருக்கும் படிவம் அனுப்பியாகிவிட்டது. பதினான்காவது கேள்விக்குக் கணினி.

இருதயராஜுக்கும் முப்பிடாதிக்கும் எதுவானாலும் சரி, இருபத்தைந்து தாண்டாதவர்கள். பேச்சிதான் கடைசி நிமிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுப் பதிப்பு வராமல் போனால் என்ன செய்வது, ஸ்கிரைப்பே போட்டுவிடலாமா என்று கேட்டாள். அந்தப் ‘பாதிக்கு மேல ஈ’ போட்ட பெண்ணிடமே திரும்பப் போகவும் தயாராக இருக்கிறாள், அவ்வளவு பயம்.

“நாங்க கேட்டுட்டோம் பேச்சி. உறுதி சொல்லிட்டாங்க” என்றேன்.

கையை விட்டாள். என் விரலால் பொத்தானை அழுத்தினேன்.

ஜூலை 1, செவ்வாய்

சென்னியப்பனிடம் படிவம் போட்டதைச் சொன்னேன். நல்லதுங்க என்றார். இன்று பன்னிரண்டு நிமிடம்தான் பேசினார். கடையில் கூட்டமாம்.

ஜூலை 8

போன் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது. மூன்று பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிறுவினேன். முப்பிடாதி கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தான், நல்ல காரியமாம்.

பாதியில் நின்றது. பழைய கிள்ளை பேசியது: “பதிப்பு ஐந்து இந்தக் கணினியில் இயங்காது.”

பத்துக் கணினியிலும் செய்து பார்த்தேன். பத்துமுறையும் அதே வாக்கியம், அதே குரல். ஒரு புள்ளியைக்கூட விழுங்கவில்லை. மிட்டாயை யாரும் பிரிக்கவில்லை. எங்கோ தவறு செய்கிறேன், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவர்களை அனுப்பினேன்.

சென்னியப்பனுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

ஜெசிந்தா விடுப்பு. மன்றத்தைத் தன் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்ணுள்ளவளுக்கு ஏதாவது கூடுதலாகத் தெரிகிறதா என்று.

தெரிந்தது. “அக்கா, இந்தத் தவமணி பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பச்சை இலை இருக்கு. இன்னொருத்தர் பேருக்கும் இருக்கு. மத்த யாருக்கும் இல்ல.”

சென்னியப்பனுக்கு என்று கேட்டேன்.

“வெறும் பேருதான் இருக்கு.”

மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். மன்றத்தின் முகப்பிலேயே ஒரு வரி இருந்ததாம்: பச்சை இலை உள்ளவர்களே கிள்ளையின் பராமரிப்பாளர்கள், பதிப்புகளை முடிவு செய்பவர்கள், மற்றவர்கள் கூறுவது அவரவர் கருத்து. அந்த வரியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் கிள்ளை அதை “உள்ளவர்களே கிள்ளையின் பராமரிப்பாளர்கள்” என்றுதான் எனக்கு வாசித்தது. ‘பச்சை இலை’ என்ற இடத்தில் சொல் இல்லை, படம்தான் இருந்திருக்கிறது. மன்றத்தில் உள்ளவர்கள் எல்லோரும்தான் பராமரிப்பாளர்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் ஏதோ ஒரு சொல் குறைகிறதே என்று இலக்கண ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கூப்பிய கைகளை வாசிக்கத் தெரிந்த கிள்ளைக்கு இலையை வாசிக்கத் தெரியவில்லை. பார்வையற்றவர்களுக்கென்றே மென்பொருள் செய்கிறவர்கள், யார் பேச்சை நம்பலாம் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்றே எழுதுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஸ்கிரைப் கேட்டு மனு கொடுத்தோம். தேதி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று தன்மையாகவே சொன்னார்கள்.

தவமணிக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. பெண் குரல். நான் ‘ஐயா’ என்று எழுதியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளைக்கு மொத்தமே இரண்டு பேர்தானாம், இருவருக்கும் வேறு வேலை இருக்கிறதாம். பழைய பதிப்பில் புள்ளியை மட்டும் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டேன். வாசிக்கும் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும், இரண்டு மாதமாவது ஆகும் என்றார். பொய்யாக ஓர் ஆறுதல்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் உறுதியாக மறுத்திருக்கலாமே என்று நான் சண்டைக்குப் போனேன்.

“எனக்கு அப்ப உறுதியாத் தெரியாதும்மா. தெரியாததை எப்படி உறுதியாச் சொல்றது?” என்றார். கொஞ்சம் கழித்து, “இலை இருக்கே, அதைப் பார்த்தும் என்னைத் தெரியாதவங்கன்னு எழுதுறாங்களேன்னு கோபத்துல விட்டுட்டேன். அந்தப் படத்துக்கு நான் பேரே குடுக்கலைங்கறது இன்னிக்குத்தான் உறைச்சுது. என் தப்பு. அதுக்குப் பேர் குடுத்துடறேன்” என்றார்.

தப்பு என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் அதற்கு மேல் எப்படித் திட்டுவது? போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து கூப்பிட்டேன். சென்னியப்பன் எடுத்துவிட்டார். என் குரல் கேட்டதும் அதே ‘ங்க’.

தான் பராமரிப்பாளர் என்று எப்போதாவது சொன்னேனா என்று கேட்டார். நான்காம் பதிப்பு பழைய கணினியில் ஓடியது, ஐந்தும் ஓடும் என்றுதான் நினைத்தாராம். ஆறு வருடமாக மன்றத்தில் வருகிற கேள்விக்கெல்லாம் தான்தான் பதில் சொல்கிறாராம், இலை வைத்திருக்கிறவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். அது பொய்யில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

“எனக்கு இலை இல்லீங்கறது எல்லாருக்கும் தெரியுமேங்க” என்றார்.

“தெரியணும்னா கண்ணு வேணும் சார்.”

கடைக்கு வந்த யாரையோ இருக்கச் சொன்னார். பிறகு, “நாங்கன்னு சொன்னது நம்ம எல்லாரையும் சேர்த்துத்தானுங்க டீச்சர். கிள்ளைய வெச்சிருக்கற எல்லாரும்.”

“எல்லாரும்னா நாம. நீங்க சொன்னது நாங்க. அந்த நாங்கல நான் இல்ல சார், என் பிள்ளைங்களும் இல்ல. அதனாலதான் நம்பினேன்.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. தேர்வு நல்லபடியாக முடியட்டுமுங்க என்றார். அந்த ஐம்பது நிமிடங்களில் நான் என்னென்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா இறந்தது, இரண்டு முறை வரன் தட்டிப்போனது எல்லாம் சொல்லியிருக்கிறேன். மென்பொருளைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை, நீங்கள் யார் என்பதை, மட்டும் கேட்கவில்லை.

எண்ணை அழித்துவிட்டேன். மனப்பாடமாக இருக்கிறது, அதை என்ன செய்ய?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தேர்வு முடிந்தது. நான்காம் பதிப்பு. வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இருதயராஜும் முப்பிடாதியும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் டீச்சர் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். பேச்சி ஒவ்வொரு எண்ணையும் எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டிருக்கிறாள். போட்டதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு கணக்கு பாக்கி இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. கணினி தானாக மூடிக்கொண்டதாம்.

பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சி மையத்துக்கு வந்தாள். இரவல் வாங்கியிருந்த இயர்போனைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். மெழுகுவர்த்தி செய்கிற இடத்தில் நாளைக்கே வேலைக்குச் சேர்கிறாளாம். தேர்வுக்காக விட்ட வேலைதான், திரும்ப எடுத்துக்கொண்டார்களாம்.

சென்னியப்பனைப் பற்றி முழுக்கச் சொன்னேன். இலையைப் பற்றிச் சொன்னேன். எப்படியெல்லாம் ஏமாற்றிவிட்டான் பார் என்றேன். அவர், இவர் என்ற மரியாதையெல்லாம் போயிற்று. நாங்கள், நாம் என்று இலக்கண விளக்கம்கூடக் கொடுத்தேன். பேச்சி நன்றாகக் கேட்பாள். முழுக்கக் கேட்டாள்.

பிறகு கேட்டாள்: “அன்னைக்கி, நாங்க கேட்டுட்டோம்னு சொன்னியல்லா. அந்த நாங்கல யாரு யாரு டீச்சர் இருந்தா?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள், சந்தேகம் கேட்கிற மாதிரி. டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் டீச்சர், பஸ் போயிரும் என்று கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 6

நாற்காலிகளுக்குத் துணி தைக்கக் கொடுத்தேன். மழை வரும்போல் வந்து ஏமாற்றிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தவமணி சொன்னபடி செய்துவிட்டார். இன்று மன்றத்தைத் திறந்ததும் கிள்ளை “பராமரிப்பாளர் தவமணி” என்று வாசித்தது. முகப்பு வரியும் முழுசாக வந்தது. அடுத்து “உறுப்பினர் கிள்ளை சென்னியப்பன்” என்றது. அவர் யாருக்கோ, கவலை வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

என் பெயருக்கும் ஒரு கேள்வி வந்திருந்தது. தேனியில் பார்வையற்ற ஓர் ஆசிரியர். நான் நீண்ட நாளாக மன்றத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், பழைய கணினிகளுக்கான அடுத்த பதிப்பில் எண்கள் சரியாக வருமா, செண்பகவல்லி டீச்சர் சொன்னால் போதும், அதை நம்பி மாணவர்களுக்குப் படிவம் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். படிக்கக் கேட்டதும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

“எனக்குத் தெரிந்தவரை உறுதியில்லை. நான் பராமரிப்பாளர் அல்ல. தவமணியிடம் கேளுங்கள்” என்று பதில் போட்டேன்.

அப்புறம்தான் பேச்சிக்குச் செய்தி அனுப்பினேன். ஒன்பது நாளாக நான் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்த செய்தி. “பேச்சி, அந்த ‘நாங்க’ல நான் மட்டும்தான் இருந்தேன். நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று தவமணி ஜூன் ஆறாம் தேதியே எழுதியிருந்தார். அதை உன்னிடம் மறைத்தது நான். அவர் வாயை அடைத்ததும் நான்.”

அவள் போனிலும் கிள்ளைதான். என் குரலில் இல்லாமல் அந்தக் குரலில் கேட்பாள். அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது, எதையும் மென்மையாக்காது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “கேட்டாச்சு டீச்சர்.”

நான்கு முறை வாசிக்கவைத்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.